கரவாஜியோவின் ‘தோமாவின் ஐயம்’: 18×24 கேன்வாஸில் நகல் எடுக்க எங்கிருந்து தொடங்குவது?

மைக்கறை:

அக்ரிலிக்கில் உருவப்படம் போடத் தெரியும், எண்ணெய் வண்ணத்துக்குப் புதிது. இத்தாலிய ஓவியர் கரவாஜியோவின் ‘தோமாவின் ஐயம்’ ஓவியத்தை நகல் எடுத்தபடியே எண்ணெய் வண்ணம் கற்றுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். உயிர்த்தெழுந்ததை நம்பாத சீடர் தோமா இயேசுவின் விலாக் காயத்தில் விரலை விடும் காட்சி, நான்கே உருவங்கள், பின்னணி முழுக்க இருட்டு.

கையில் இருப்பவை: கடையில் வாங்கிய ரெடிமேட் காட்டன் கேன்வாஸ் 18×24 அங்குலம், டைட்டேனியம் வெள்ளை, யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், ஐவரி பிளாக், வெர்மிலியன் ஹ்யூ, அலிசரின் கிரிம்சன், பன்றிமுடித் தூரிகைகள் சில, லின்சீட் எண்ணெய், டர்பன்டைன்.

கேட்க நினைப்பவை: இந்த அளவு போதுமா? கேன்வாஸ் முழுக்க முதலில் கருப்பு அடித்துவிடலாமா? முழுப் படத்தையும் சாம்பல் நிறத்தில் முடித்துவிட்டு அதன்மேல் வண்ணம் ஏற்றும் கிரிசாய் முறை இதற்குப் பொருந்துமா? எந்த அடுக்கில் எவ்வளவு எண்ணெய்?

---

ஆளிவிதை:

நல்ல தேர்வு. கட்டடமோ நிலக்காட்சியோ வானமோ இல்லாத படம். முகம், கை, துணி, இருட்டு, அவ்வளவுதான். சென்னையில் சாந்தோமையும் பரங்கிமலையையும் சுற்றி வளர்ந்தவர்களுக்குத் தோமாவை அறிமுகப்படுத்த வேண்டியதும் இல்லை.

அசல் ஜெர்மனியில் போட்ஸ்டாம் சான்சூசி அரண்மனையின் ஓவியக்கூடத்தில் இருக்கிறது. 1601-02 வாக்கில் வரைந்தது; உயரம் 107 செ.மீ., அகலம் 146 செ.மீ. உங்கள் கேன்வாஸின் 24 அங்குல அகலத்துக்கு உயரம் 17.6 அங்குலம் வரும். மேலே அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக மிஞ்சும். அந்த இடத்தில் பின்னணியைத் தொடர்ந்து பூசிவிடுங்கள். அதை நிரப்புவதற்காகப் படத்தை இழுக்காதீர்கள், தலைகள் நீண்டுவிடும். அசலில் தலைகள் ஏறக்குறைய ஆள் அளவு. உங்கள் நகலில் ஒரு தலை 9, 10 செ.மீ. வரும். பன்றிமுடித் தூரிகையால் வடிவம் பிடிக்க இது போதும். இதைவிடச் சிறிதாகப் போனால் கண் இமைக்கே மெல்லிய தூரிகையைத் தேட வேண்டியிருக்கும், எண்ணெய்ப் பூச்சின் பாடம் கைக்கு வராது.

சிறிதாக நகல் எடுப்பதில் குறை ஒன்றும் இல்லை. கரவாஜியோவின் ‘கல்லறை அடக்கம்’ 3 மீட்டர் உயரப் படம். ஃபிளெமிஷ் ஓவியர் ருபென்ஸ் அதைத் தன் போக்கில் மாற்றி வரைந்தது 88 செ.மீ. உயரப் பலகையில், இப்போது கனடாவின் ஒட்டாவாவில் இருக்கிறது. லூவர் அருங்காட்சியகத்தில் நகல் எடுப்பவர்கள் அசலின் அளவிலேயே எடுக்க அனுமதியே கிடையாது.

பார்த்து வரைய எடுக்கும் படக் கோப்பில் கவனம் வேண்டும். இந்த ஓவியத்துக்குப் பழைய நகல்கள் பல உண்டு. இணையத்தில் தேடினால் அவையும் கலந்தே வரும். பல கோப்புகளில் ஓரம் வெட்டப்பட்டிருக்கும். அகலத்தை உயரத்தால் வகுத்துப் பாருங்கள், 1.36 வந்தால் முழுப் படம். இரண்டு பிரிண்ட் எடுங்கள்: ஒன்று வண்ணம், ஒன்று கருப்பு-வெள்ளை. முதல் பாதி வேலைக்குக் கருப்பு-வெள்ளைப் பிரிண்டே வழிகாட்டி. செல்போன் திரையை மட்டும் நம்பினால் அறை வெளிச்சத்துக்கேற்ப அது தானாகக் கூடிக் குறையும், இருட்டுப் பகுதியின் அளவே பிடிபடாது.

இனித் தளம், அதாவது வரைவதற்கு முன் கேன்வாஸ் முழுக்கப் பூசும் அடிநிறம். சுத்தக் கருப்பு வேண்டாம். கரவாஜியோவின் தளம் கருப்பல்ல, அடர் பழுப்பு. பல இடங்களில் அந்தப் பழுப்பையே பூசாமல் விட்டு நிழலாகப் பயன்படுத்தினார். இன்னொரு காரணமும் உண்டு. எண்ணெய் வண்ணம் வயதாக ஆகச் சற்று ஊடுருவித் தெரிய ஆரம்பிக்கும், அடியில் உள்ள கருமை மேலே வரும். 17ஆம் நூற்றாண்டுப் படங்கள் பலவற்றில் இடைநிறங்கள் இருட்டில் மூழ்கிக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரெடிமேட் காட்டன் கேன்வாஸில் பிரைமர் பெரும்பாலும் ஒப்புக்குத்தான் இருக்கும். அக்ரிலிக் ஜெஸ்ஸோ (வெள்ளைப் பிரைமர்) இன்னும் இரண்டு கோட் கொடுங்கள், ஒன்று காய்ந்த பிறகு மற்றொன்று, குறுக்காக. 320 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். பிறகு அக்ரிலிக்கிலேயே பர்ன்ட் அம்பர் 3 பங்கு, பர்ன்ட் சியன்னா 1 பங்கு, வெள்ளை அரைப் பங்கு, கருப்பு ஒரு துளி கலந்து முழுக்கப் பூசுங்கள். கருப்பு 0, வெள்ளை 10 என்று வைத்தால் தளம் 3இல் நிற்க வேண்டும். அக்ரிலிக் மேல் எண்ணெய் தாராளமாகப் போகலாம். எண்ணெய் மேல் அக்ரிலிக் எக்காலத்திலும் கூடாது, உரிந்து வரும்.

வரைவதற்குக் கட்டம் போடுங்கள். பிரிண்டில் அகலத்தை 8, உயரத்தை 6 ஆகப் பிரித்தால் கட்டங்கள் கிட்டத்தட்டச் சதுரமாக வரும். கேன்வாஸிலும் அதே 8க்கு 6, அந்த 17.6 அங்குலத்துக்குள். பென்சில் இந்தத் தளத்தில் தெரியாது. வெள்ளைச் சாக்பீஸைச் சீவிக்கொண்டு கோடு போடுங்கள், ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். முதலில் நான்கு தலைகளின் உச்சி, தாடை. அடுத்து தோமாவின் வலது மணிக்கட்டு. அதை இயேசுவின் இடக்கை பிடித்திருக்கிறது. இந்த முடிச்சு அரை செ.மீ. நகர்ந்தால் விரல் காயத்தைச் சேராது, கதையே கெடும்.

---

செம்மண்பூச்சு:

தளம் பற்றி ஆளிவிதை சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. கேள்வியில் இருந்த கிரிசாய்க்கு மட்டும் பதில்: இந்தப் படத்துக்கு வேண்டாம்.

கிரிசாய் முறையில் நிழல் முதல் ஒளி வரை எல்லா இடத்தையும் சாம்பல் பூச்சால் மூடுகிறீர்கள். அதாவது நிழலுக்குள்ளும் வெள்ளை போய்விடுகிறது. பிறகு எத்தனை கிளேஸ் (அடி நிறம் ஊடுருவித் தெரியும் மெல்லிய பூச்சு) ஏற்றினாலும் அந்த நிழல் மாவு பூசினாற்போல் இருக்கும், ஆழம் வராது. கரவாஜியோ வழி இதற்கு நேர் எதிர். தளம்தான் இருட்டு, அதன்மேல் ஒளி படும் இடங்களை மட்டும் வெள்ளை சேர்ந்த கெட்டியான வண்ணத்தால் எழுப்புவது. நிழல் மெல்லிசு, ஒளி தடிப்பு.

முதல் அமர்வில் இரண்டே வண்ணம்: பர்ன்ட் அம்பர், வெள்ளையில் கொஞ்சம் ஓக்கர் கலந்தது. ஒளி இடது மேல்புறத்திலிருந்து வருகிறது. அது விழும் இடங்கள்: இயேசுவின் மார்பு, விலா, வெள்ளைத் துணி, தோமாவின் நெற்றி, தோள், கை, பின்னால் நிற்கும் இருவரின் நெற்றிகள். கண்ணைச் சுருக்கிக் கருப்பு-வெள்ளைப் பிரிண்டைப் பார்த்து, இந்தத் திட்டுகளை மட்டும் 6 நம்பர் தட்டைத் தூரிகையால் வையுங்கள். கண், மூக்கு எதுவும் வேண்டாம். இந்த அடுக்கில் எண்ணெய் சேர்க்காதீர்கள். டர்பன்டைனும் தூரிகை நகரும் அளவுக்கு மட்டும். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் நான்கு தலைகளும் ஒன்றையொன்று நெருக்கி, சிலுவை வடிவில் ஒரே புள்ளியை நோக்கிக் குவிய வேண்டும். இங்கே வராத ஒருமை பிறகு எந்த நுணுக்கத்தாலும் வராது.

அடுத்துதான் இந்த முறையின் ருசி. இருண்ட தளத்தின் மேல் வெளிர் வண்ணத்தை மெல்லிசாக இழுத்தால் அது கலந்த நிறத்தைவிடக் குளிர்ச்சியாக, லேசான நீலச்சாம்பலாகத் தெரியும். ஒளி முடிந்து நிழல் தொடங்கும் விளிம்பில் வண்ணத்தைப் புதிதாக வைக்காமல், ஒளித் திட்டின் ஓரத்தையே காய்ந்த தூரிகையால் நிழல் பக்கம் இழுத்து மெலியவிடுங்கள். தோலின் இடைநிறம் தானாகவே கிடைத்துவிடும். நீலக் குழாயே தேவையில்லை. இயேசுவின் விலாப்பகுதியில் இதைச் செய்து பார்த்தால் உடனே புரியும்.

தோல் நிறக் கலவை, அளவு தோராயம்தான்:

இயேசு: வெள்ளை 6, ஓக்கர் 1, வெர்மிலியன் கால் பங்கு. தோமா: வெள்ளை 4, ஓக்கர் 2, வெர்மிலியன் அரை, பர்ன்ட் சியன்னா அரை. இரண்டையும் பேலட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கலக்குங்கள். இயேசுவின் உடல் வெளிறியது, தோமாவின் கை வெயிலும் உழைப்பும் கண்டது. நால்வருக்கும் ஒரே கலவை என்றால் படத்தின் உயிர் போச்சு. நிழலுக்குப் பர்ன்ட் அம்பர், பர்ன்ட் சியன்னா, துளி கருப்பு. வெள்ளை கிடையாது.

பழைய நூல்களின் கலவை விகிதங்களை அப்படியே எடுக்காதீர்கள், அவை ஈய வெள்ளைக்கு எழுதியவை. அது வெதுவெதுப்பான நிறம், சற்று ஊடுருவும், கூடவே நஞ்சு. டைட்டேனியத்துக்கு நிறத்தை வெளுக்கும் வலு அதிகம். அந்த நூல்கள் சொல்லும் வெள்ளையில் பாதியில் தொடங்கிக் கூட்டிக்கொண்டு போங்கள்.

---

மைக்கறை:

இருவருக்கும் நன்றி. தளம் போட்டு, ஒளித் திட்டுகள் வைத்து, இரண்டாம் அடுக்கும் ஓரளவு முடிந்தது. இப்போது மூன்று சிக்கல்கள். பின்னணியை அம்பரும் கருப்பும் கலந்து பூசினேன். காய்ந்ததும் பாதி இடம் பளபளப்பு, பாதி இடம் சுண்ணாம்புச் சுவர் மாதிரி மங்கல். தோமாவின் நெற்றிச் சுருக்கங்கள் கீறல்கள் மாதிரி நிற்கின்றன. இயேசுவின் முகம் சேறாகிவிட்டது, மேலே பூசப் பூச இன்னும் சாம்பலாகிறது.

---

தளர்தூரிகை:

மங்கல் விஷயத்தை நான் சொல்கிறேன். அது நிறம் மாறியதல்ல, எண்ணெய் கீழே இறங்கிவிட்டது. அம்பர் எண்ணெய்ப்பசை குறைவாக உலரும் மண் நிறமி. டர்பன்டைன் கூடினாலோ, அடித்தளம் எண்ணெயை உறிஞ்சினாலோ மேற்பரப்பில் எண்ணெய் மிஞ்சாது. அந்த இடம் வெளுத்துத் தெரியும். அதைப் பார்த்து இன்னும் கருப்பைப் பூசுவதுதான் எல்லோரும் செய்வது. பிறகு வார்னிஷ் அடிக்கும்போது அந்த இடம் மட்டும் கரிக்குழியாகிவிடும்.

தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகு, லின்சீட் எண்ணெயும் டர்பன்டைனும் சமமாகக் கலந்து, நூல் உதிராத துணியில் சில துளிகள் எடுத்து மங்கிய இடத்தில் தேயுங்கள். ஒரு நிமிடம் கழித்துச் சுத்தத் துணியால் முழுக்கத் துடைத்துவிடுங்கள், எண்ணெய்ப் படலம் மிச்சமிருக்கக் கூடாது. நிறம் அசல் ஆழத்துக்குத் திரும்பும். அதைப் பார்த்த பிறகே அடுத்த பூச்சு வேண்டுமா என்று முடிவெடுங்கள். பெரும்பாலும் வேண்டியிருக்காது.

எண்ணெய் அளவு கேட்டிருந்தீர்கள். முதல் அடுக்கில் எண்ணெய் இல்லை. இரண்டாவதில் டர்பன்டைன் 2, எண்ணெய் 1. மூன்றாவதில் சமம். கடைசி கிளேஸுக்கு டர்பன்டைன் 1, எண்ணெய் 2. எந்த அடுக்கிலும் இந்தக் கலவை வண்ணத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். கூடினால் மேற்பரப்பு சுருங்கி மடிப்பு விழும், மஞ்சளும் சீக்கிரம் ஏறும். மேலடுக்கில் எண்ணெய் குறைந்து கீழடுக்கில் கூடியிருந்தால் மேல் பகுதி முதலில் இறுகிவிடும். அடிப்பகுதி இன்னும் அசைந்துகொண்டிருக்கும், அப்போது வெடிப்பு வரும். ஐவரி பிளாக் மெதுவாக உலரும், எண்ணெய் நிறையக் குடித்த வண்ணம். அதைத் தனியாக முதல் அடுக்கில் போடக் கூடாது என்பதும் இதனால்தான். அம்பரோடு கலந்தால் அம்பரில் உள்ள மாங்கனீசு உலர்வை விரைவுபடுத்தும். அம்பர் மெல்லிசாக இருந்தால் ஓரிரு நாள், டைட்டேனியம் ஒரு வாரம் வரை, அலிசரினுக்கு அதற்கும் மேல்.

எண்ணெய் ஆவியாகி உலர்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு இறுகுகிறது. அதனால் படத்தைப் பீரோவுக்குள் பூட்டி வைக்காதீர்கள். காற்றும் வெளிச்சமும் படும் இடத்தில் வையுங்கள். இருட்டில் கிடந்தால் லின்சீட் மஞ்சளாகும்.

இன்னும் இரண்டு. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் டபுள் பாயில்டு லின்சீட் கதவுக்கு அடிப்பது, கருத்துப்போகும், படத்துக்கு ஆகாது. தின்னரும் வேண்டாம், காய்ந்த அடுக்கையே கரைத்துவிடும். அடுத்தது தீ. லின்சீட் தோய்ந்த துணிகளைக் கசக்கி மூலையில் குவித்தால் உலரும்போது உண்டாகும் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகப் பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

---

ஆளிவிதை:

சேறு: ஈரமான நிழல் மேல் ஒளி நிறத்தை வைத்து, தூரிகையைத் துடைக்காமல் திரும்பத் திரும்பத் தடவியிருப்பீர்கள். அக்ரிலிக் பழக்கம் அது; அங்கே நிமிடத்தில் காய்ந்துவிடும், இங்கே அடியில் உள்ள அம்பர் எழுந்து வந்து கலந்துகொண்டே இருக்கும். இப்போது அந்த முகத்தின் ஒளிப் பகுதியைப் பேலட் கத்தியால் வழித்து எடுங்கள். மிச்சத்தைத் துணியால் ஒற்றுங்கள், தேய்க்க வேண்டாம். இரண்டு நாள் கழித்து வாருங்கள். ஒளிக்கு ஒரு தூரிகை, நிழலுக்கு ஒரு தூரிகை, இரண்டும் ஒன்று மாறி ஒன்று போகக் கூடாது. ஒரு தடவை வைத்தால் எடுத்துவிடுங்கள். சரியில்லையென்றால் அதன்மேல் திருத்தாமல் வழித்துவிட்டு மறுபடி வையுங்கள்.

இயேசுவின் முகத்தில் பெரும்பகுதி நிழல் என்பதையும் பாருங்கள். பக்திப் படங்களில் இயேசுவின் முகம்தான் பிரகாசமாக இருக்கும் என்ற பழக்கத்தில் கை தானாக அங்கே வெள்ளையைக் கொண்டுபோகும். இங்கே ஒளி அவர் மார்பில், முகம் தணிந்து கீழே பார்க்கிறது. ஒளிவட்டமும் கிடையாது.

நெற்றிச் சுருக்கம்: முதலில் நெற்றியைச் சுருக்கமே இல்லாத ஒரே உருண்ட பரப்பாக முடியுங்கள், இடது மேலே வெளிச்சம், வலப்பக்கம் தணிந்து. ஈரம் இருக்கும்போதே பர்ன்ட் சியன்னாவும் ஓக்கரும் கலந்த நடுத்தர நிறத்தால் பள்ளங்களை மெதுவாக அமுக்குங்கள். அம்பர் வேண்டாம், அது கீறலாகத்தான் நிற்கும். ஒவ்வொரு சுருக்கத்துக்கும் மேல் விளிம்பு மெத்தென்று பள்ளத்தில் இறங்கும். கீழ் விளிம்பு ஒளியைப் பிடித்து மேடாகும். அந்த மேட்டில் மட்டும் வெளிர் நிறத்தைக் கொஞ்சம் தடிப்பாக வையுங்கள். சுருக்கங்கள் நெற்றியின் இரு ஓரத்துக்கும் ஒரே அழுத்தத்தில் ஓடக் கூடாது. வலது ஓரத்தில் நிழலுக்குள் மறைந்துபோக வேண்டும்.

கைகளுக்குத் தனி நாள் ஒதுக்குங்கள். அங்கே மூன்று கை: அங்கியை விலக்கும் இயேசுவின் வலக்கை, மணிக்கட்டைப் பிடிக்கும் இடக்கை, தோமாவின் வலக்கை. விரல் நுழையும் இடத்தில் சிவப்பை வாரி இறைக்காதீர்கள். அசலில் ரத்தம் வழிவதில்லை. தோலின் ஒரு மடிப்பு விரலுக்கு மேலே தூக்கி நிற்கிறது, அதன் அடியில் சிறு நிழல். பார்ப்பவர் உடம்பைக் கூசவைப்பது அந்த மடிப்புதான். விளிம்புக்கு வெளிர் நிறம், உள்ளே பர்ன்ட் சியன்னாவும் துளி அலிசரினும். தோமாவின் நக ஓரத்து அழுக்கையும் தோளில் கிழிந்த தையலையும் விடக் கூடாது. முன்னது அம்பரில் ஒரு தொடுகை. பின்னது ஈரத்தில் இழுத்த இருண்ட பிளவும், அதன் ஒரு பக்கம் வெளிர் விளிம்பும்.

முழுப் படம் மலைப்பாக இருந்தால் இந்தக் கைகளையும் விலாவையும் மட்டும் 12×16 கேன்வாஸில் தனியாக எடுங்கள். உண்மையில் புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வதே அதுதான். படத்தின் பாடம் முக்கால்வாசி அங்கேயே இருக்கிறது.

---

செம்மண்பூச்சு:

ஆளிவிதை சொன்னதோடு ஒன்று: விளிம்புகள். பின்னால் நிற்பவர்களின் உடைகளை எங்கே முடிப்பது என்று தேடாதீர்கள். ஒளி படாத பக்கம் உடையும் பின்னணியும் ஒன்றாகக் கரைந்துவிட வேண்டும். கூரான விளிம்பு படத்தில் நாலைந்து இடத்தில் போதும்: தோமாவின் மூக்கு, விரல், வெள்ளைத் துணியின் ஓரம், தோள். எல்லா விளிம்பையும் கூராக்கினால் உருவங்கள் இருட்டிலிருந்து வெளிவராது, கத்தரித்து ஒட்டியது போலாகும்.

வேலை செய்யும் விளக்கையும் இடது மேலே வையுங்கள், கேன்வாஸைச் சற்று முன்னால் சாய்த்து. இருண்ட ஈரப் பரப்பு கண்ணாடியாகப் பிரதிபலிக்கும். விளக்கு நேர் எதிரே இருந்தால் நிழல் எவ்வளவு அடர்ந்தது என்றே தெரியாமல் கருப்பைக் கூட்டிக்கொண்டே போவீர்கள்.

---

மைக்கறை:

முகத்தை வழித்துவிட்டேன். மங்கல் இடங்கள் எண்ணெய் தேய்த்ததும் திரும்பிவிட்டன, கூடுதல் பூச்சு தேவைப்படவில்லை. கடைசியாக ஒன்று: வார்னிஷ் எப்போது? பின்னணி ஒரே சீரான பளபளப்பாக இருந்தால்தான் படத்தைச் சுவரில் மாட்ட முடியும்.

---

தளர்தூரிகை:

மெல்லிய பூச்சுக்கு ஆறு மாதம், ஒளிப் பகுதியில் தடிப்பாக வைத்திருந்தால் ஒரு வருடம். அதற்கு முன் மாட்ட வேண்டுமென்றால் தொட்டால் ஒட்டாத நிலையில் ரீடச் வார்னிஷ் (தற்காலிக மெல்லிய வார்னிஷ்) மெல்லிசாக ஒரு கோட். காய்ந்துவிட்டதா என்று அறிய, தடிப்பான வெள்ளைப் பகுதியில் டர்பன்டைன் தொட்ட பஞ்சை மெதுவாக உருட்டிப் பாருங்கள். நிறம் ஏறினால் இன்னும் காலம் ஆகவில்லை. மழைக்காலத்தில் வார்னிஷ் அடிக்காதீர்கள், ஈரம் மாட்டிக்கொண்டு வெண்புகை படியும். இவ்வளவு இருண்ட படத்துக்கு முழுப் பளபளப்பு வார்னிஷ் போட்டால் எதிரில் உள்ள ஜன்னல்தான் தெரியும். கிளாஸ் (பளபளப்பு) வார்னிஷ் 2, மேட் (பளபளப்பற்றது) 1 என்று ஒரே நிறுவனத்தின் இரண்டையும் கலந்து, துண்டுக் கேன்வாஸில் பூசிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேன்வாஸின் பின்பக்கம் ‘கரவாஜியோவைப் பார்த்து’ என்று எழுதி, உங்கள் பெயர், தேதி, பயன்படுத்திய வண்ணங்கள், எண்ணெய் விகிதம் எல்லாம் குறித்துவையுங்கள். முன்பக்கம் கையெழுத்து வேண்டாம்.